நாலுக்கு நாலு

அண்ணா, இந்த ஜன்னல் பக்கம் நீங்க வந்து உக்காந்துக்கிறீங்களா? எனக்கு வெயில் ஒத்துக்காது. ஏறும்போது ஆசையா ஜன்னல் சீட்டைப் புடிச்சுட்டேன், இப்ப மண்டை காயுது. மைக் செட் ஹாரனை மடியிலயே வச்சுக்குங்க, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. ஒயர் கட்டை மட்டும் காலடியில தள்ளிடுங்க. ரொம்ப நன்றிண்ணா. அப்படியே அந்த ஷட்டரையும் இறக்கி விட்டுட்டா நல்லது. காத்து வராதுதான். வண்டி நிக்கும்போது எங்க காத்து வரப்போவுது.

முன்னால எவ்ளோ பேர் இருக்காங்க? எட்டிப் பாக்காதீங்க, உக்காந்த மேனிக்கே பாருங்க. டிராக்டரைக் குறுக்க நிறுத்திட்டாங்களா. அப்ப சரி, இது இப்பத்திக்கு முடியாது. ஆர்.டி.ஓ. வந்து பேசினாத்தான் எழுந்திருப்போம்னு உக்காந்திருக்காங்களாம், கண்டக்டர் சொன்னாரு. பின்னால பாருங்க, லாரியும் பஸ்ஸுமா நின்னுபோச்சு. முன்னாலயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. நல்லா மாட்டினோம் போங்க.

யாருன்னு கேக்குறீங்களா? கரும்புக்காரங்கண்ணா. இந்தப் பக்கத்து ஆலைக்குக் கரும்பு போடுறவங்க. போன வாரம் வெட்டின கரும்பு ரெண்டு நாள் வண்டியிலயே நின்னு காஞ்சுபோச்சு. அதுக்குத்தான் இந்த மறியல். எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் அந்த ஆலைதான். மெல்லமா பேசுவோம்ணா. பேரு ஏகாம்பரம். நீங்க பாட்டுக்கு ஏகாம்பரம்னு சத்தமா கூப்பிட்டுடாதீங்க, சும்மா சாருன்னே சொல்லுங்க.

நான் கம்ப்யூட்டர் ரூம் இன்சார்ஜ். இருபத்திரெண்டு வருஷம். ஆலையில சர்வர்னு ஒண்ணு இருக்கு, யூனிக்ஸ் சர்வர், பாக்க ஒரு சின்ன பீரோ கணக்கா இருக்கும். எந்த வண்டி வந்துச்சு, யாரோட கரும்பு, என்ன எடை, எல்லாமே அதுக்குள்ளதான். அது இருக்கிற ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ஏ.சி. ஓடிக்கிட்டே இருக்கும். செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும்னு நான்தான் போர்டு எழுதி வச்சேன். ஜி.எம்.மா இருந்தாலும் செருப்பைக் கழட்டணும். கழட்டிட்டுத்தான் வருவாரு, அதுல ஒண்ணும் கௌரவம் பாக்கமாட்டாரு.

எனக்கு லீவு கிடையாதுண்ணா. கொழுந்தியா கல்யாணத்துக்குப் போகல. திருப்பதிக்கு டிக்கெட் போட்டு ரெண்டு தடவை கேன்சல் பண்ணேன். நீ போயிட்டா அந்தப் பொட்டியை யார் பாக்குறது ஏகாம்பரம்னு ஜி.எம். கேப்பாரு. கேக்கத்தானே செய்வாரு? பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான் இருக்கு. இன்னொருத்தருக்குச் சொல்லி வைன்னு மூணு தடவை லெட்டர் போட்டாங்க. சொன்னா அப்புறம் நம்ம கதி என்ன, நீங்களே சொல்லுங்க. அதனால சொல்லல. ஆனா பாருங்க, இருபத்திரெண்டு வருஷமா என்னைக் கட்டிப்போட்டு வச்சிருக்காங்க, அதைக் கேக்க நாதியில்ல. வீட்டுல அவ வேற, உங்ககிட்ட பேசுறதும் செவுத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுங்கிறா. நான் எல்லாத்துக்கும் பதில் சொல்றவன்ணா. அவ கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வாரம் செவ்வாக்கிழமை சாயந்திரம் ஒரு மழை அடிச்சுதே, இடியும் மின்னலுமா. உங்க பக்கமும் அடிச்சுதா? அந்த இடியில நம்ம சர்வரோட நெட்வொர்க் கார்டு போயிடுச்சு. கார்டுன்னா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் தகடு. சர்வருக்கு முதுகுப் பக்கம் செருகியிருக்கும். வெளியில இருந்து வர்ற கேபிளை அதுல மாட்டணும். அது இருந்தாத்தான் கேட்டுகிட்ட இருக்கிற எடைமேடை சர்வரோட பேசும். எடைமேடையில வண்டி ஏறினதும் எடை இங்க வந்து பதிவாகணும், பதிவானாத்தான் அங்க சீட்டு அடிக்கும். கையால எழுதுற சீட்டு செல்லாது. அது ஆலை போட்ட ரூல் இல்லண்ணா, முன்னால யாரோ கையெழுத்துச் சீட்டுல திருட்டுத்தனம் பண்ணான்னு இதே கரும்புக்காரங்க சங்கம்தான் போராடி வாங்கின ரூல். இப்ப அவங்களே ரோட்டுல உக்காந்திருக்காங்க.

புது கார்டு புதன்கிழமை மத்தியானம் கூரியர்ல வந்துச்சு. நான் ஒரே ஆளு. பொட்டியை இழுத்து, ஒயரையெல்லாம் கழட்டி, திறந்து, கார்டைப் போட்டு மூடினேன். சட்டையெல்லாம் தூசி. பழைய கார்டோட ஸ்க்ரூ துருப்புடிச்சுக் கழட்டவே வரல. கெடக்கட்டும், செத்த கார்டு தானேன்னு அதை அப்படியே விட்டுட்டு, கீழ ஒரு இடம் காலியா இருந்துச்சு, அதுல புதுசைப் போட்டேன். பொட்டியைப் பழையபடி செவுத்தோட தள்ளி, கையை விட்டு எல்லா ஒயரையும் மாட்டினேன். பாக்கவே வேணாம்ணா. இருபத்திரெண்டு வருஷம். எது எங்கன்னு கைக்கே தெரியும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. கார்டைப் போட்டா மட்டும் ஆச்சா? சரியா உக்காந்திருக்கான்னு பாக்கணும். அதுக்கு ஒரு ஃபாரமே இருக்கு. ஸ்க்ரீன்ல சர்வர் நம்பரை அடிச்சு, பிங்னு ஒரு கட்டளை கொடுப்போம். வேற ஒண்ணும் இல்ல, ஒரு கூப்பாடுதான். இருக்கியான்னு கூப்பிடுறது. இருக்கேன்னு பதில் வரணும். நாலு தடவை கூப்பிட்டேன். நாலு தடவையும் டக்கு டக்குனு பதில். அனுப்பினது நாலு, திரும்பி வந்தது நாலு, தொலைஞ்சது சைபர். நாலுக்கு நாலு! எனக்கு அவ்ளோ சந்தோஷம். பிரிண்ட் எடுத்து, ஃபாரத்தோட பின் பண்ணி, கார்டு பொருத்தப்பட்டது, சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளதுன்னு கையெழுத்துப் போட்டு ஜி.எம். மேஜையில வச்சேன். என் கையெழுத்தைப் பார்த்துட்டுத்தான், கரும்பு வெட்டுக்கு நாள் குறிக்கிற கேன் ஆபீசர் அன்னைக்குச் சாயந்திரமே வெட்டு ஆர்டர் விட்டாரு. மறுநாள் காலையில நூறு வண்டி கரும்பு வரலாம்னு ஊர் ஊருக்குப் போன் போச்சு. இந்தாங்க, பையிலதான் இருக்கு அந்தப் பேப்பர். பாருங்க. கசங்காம பாருங்க.

என்னண்ணா கேட்டீங்க? எங்கேருந்து கூப்பிட்டேனா? சர்வர்ல இருந்துதான். யாரைக் கூப்பிட்டேனா? சர்வரைத்தான். சர்வர் நல்லா இருக்கான்னு சர்வரைத்தானே கேக்கணும்.

இல்ல இல்ல, புரியுது நீங்க சொல்றது. மைக் செட் போடும்போது நீங்க ஆம்ப்ளிஃபயர்கிட்ட உக்காந்துக்கிட்டு ஹலோ ஹலோன்னு சொன்னா உங்களுக்கு எப்பவும் கேக்கும். தெருக்கோடி ஹாரன்கிட்ட ஒரு ஆளு நின்னு, கேக்குதுன்னு கையைத் தூக்கிக் காட்டணும். சரிதான். நல்ல பழக்கம்தான். ஆனா அது மைக் செட்டுண்ணா. இது யூனிக்ஸ்.

சிரிக்காதீங்க. சரி, நீங்க கேட்டதால சொல்றேன். ஃபாரத்துல மூணாவது வரின்னு ஒண்ணு இருக்கு. பாத்துட்டீங்களா? எடைமேடையிலிருந்து சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தல். ஆமா, டிக் போட்டிருக்கேன். அங்க போயிட்டு டிக் போட்டேனான்னு கேட்டா, போகல. சேறுண்ணா. ரூம்ல இருந்து கேட்டு வரைக்கும் அரை கிலோமீட்டர், யார்டு முழுக்க முழங்கால் சேறு. அதோட முதல் ரெண்டு வரி சரியா இருந்தா மூணாவது தன்னால சரியா இருக்கும். பல வருஷமா அப்படித்தான் டிக் போடுறேன். ஒரு தடவை தப்பானது உண்டா?

சேறு மட்டும் இல்ல. மனசு விட்டுச் சொல்றேன். எடைமேடையில ஒரு அம்மா இருந்தாங்க, ஜெயக்கொடின்னு. கிளார்க். அவங்க புருஷன் ஆலையில பாய்லர்ல வேலை பாத்தவரு, காலமாயிட்டாரு. அவருக்குப் பதிலாத்தான் இவங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தாங்க, ஒம்போது வருஷம் ஆச்சு. ரெண்டும் பொண்ணு. குடியிருக்கிறது ஆலை குவார்ட்டர்ஸ்ல. நல்ல வேலைக்காரங்கதான், நான் குறை சொல்லல. ஆனா வாய் இருக்கு பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடை பதிவாக லேட்டாவுதுன்னு என் ரூமுக்கு வந்தாங்க. செருப்பைக் கழட்டிட்டுத்தான் வந்தாங்க, அதெல்லாம் சரி. ஜி.எம். பக்கத்துல நிக்கிறாரு. அவரை வச்சுக்கிட்டே, இங்க உக்காந்துக்கிட்டு நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க சார், ஒரு தடவை எங்க பக்கம் வந்து பாருங்கன்னுட்டாங்க. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அன்னையில இருந்து அந்தப் பக்கம் கால் வைக்கல. எதுவா இருந்தாலும் போன்தான்.

வியாழக்கிழமை காலையில ஆறே காலுக்குப் போன் வந்துச்சு. ஜெயக்கொடிதான். சார், சர்வர் எடுக்கலங்கிறாங்க. உங்க பொட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னேன். பண்ணிட்டேன்றாங்க. இன்னொரு தடவை பண்ணுங்கன்னேன். நானும் என் பக்கம் கூப்பிட்டுப் பாத்தேன். நாலுக்கு நாலு. ஏழு மணிக்குத் திரும்பவும் போன். முப்பது வண்டி நிக்குது சார்ங்கிறாங்க. நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன். நாலுக்கு நாலு. எட்டு மணிக்கு வாட்ச்மேனை அனுப்பினாங்க, சாரை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுன்னு. என் ரூம்ல எல்லாம் கச்சிதமா இருக்கு, நான் எதுக்கு அங்க வரணும்னு சொல்லி அனுப்பினேன். அதுக்கப்புறம் போன் அடிச்சுது, நான் எடுக்கல. ஒரே விஷயத்தை எத்தனை தடவை கேக்குறது.

பதினோரு மணிக்கெல்லாம் ரோடு வரைக்கும் டிராக்டர் நின்னுபோச்சு. பன்னெண்டுக்கு அரவை நின்னுது. ஆலை நின்னா ஒரு சத்தம் வரும் பாருங்க, அதாவது சத்தமே வராது. அந்த ரூமுக்குள்ள உக்காந்திருந்த எனக்கே அது கேட்டுச்சு. ஜி.எம். ஓடி வந்தாரு. அன்னைக்குச் செருப்பைக் கழட்டல. நான் இந்தப் பேப்பரைக் காட்டினேன். அவரு கண்ணு முன்னாடியே கூப்பிட்டும் காட்டினேன். பதில் வருதே, அவரும் பாக்குறாரே. அப்படின்னா கோளாறு எங்கன்னு கேட்டாரு. ஒருவேளை இடி விழுந்தப்ப அந்தம்மா அவங்க பொட்டியை ஆஃப் பண்ணாம விட்டிருப்பாங்களோ என்னவோன்னு சொன்னேன். ஒருவேளைன்னுதான் சொன்னேன், இப்பவும் சொல்றேன். அவரு அதைப் புடிச்சுக்கிட்டாரு. நேரா எடைமேடைக்குப் போயி, அத்தனை வண்டிக்காரங்க முன்னாடியும் அந்தம்மாவை எழுப்பி வெளியில நிக்கச் சொல்லிட்டாரு. சாயந்திரமே சஸ்பென்ஷன் ஆர்டர்.

நான் போட்டேனா அந்த ஆர்டரை? நீங்களே சொல்லுங்க.

தண்ணி இருக்காண்ணா? கொஞ்சம் கொடுங்க. என்னா புழுக்கம். இந்த சீட்டுக்கு நடுவுல முட்டியை மடக்கி உக்காந்து காலே மரத்துப்போச்சு. இறங்கி நிக்கலாம்னா இறங்கவும் முடியல. நீங்க வேணா இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன். வேணாம், வேணாம், இருங்க. நீங்க போனா எனக்குத் துணை இல்ல.

அப்புறம் எப்படி சரியாச்சுன்னா, வெள்ளிக்கிழமை மத்தியானம். ரெண்டாவது நாளு. கேட்டுல ஒரே கூச்சல், கல்லு கூட ரெண்டு மூணு விழுந்துச்சு. எங்க ரூமை வெளியில பூட்டிட்டு உள்ளயே இரு ஏகாம்பரம்னு செக்யூரிட்டி ஆபீசர் சொல்லிட்டாரு. உள்ளயே இருக்கேன், ஒண்ணுக்குப் போகக் கூட வழியில்ல. சும்மா இருக்க முடியாம பொட்டியை இழுத்துப் போட்டு முதுகுப் பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். பாத்தா, கேபிள் பழைய கார்டுல மாட்டியிருக்கு.

ஆமாண்ணா. செத்த கார்டுல. புது கார்டு கீழ தேமேன்னு இருக்கு, அதுல ஒண்ணுமே இல்ல. கை பழக்க தோஷம். இருபத்திரெண்டு வருஷமா மாட்டின ஓட்டையிலயே கை போயி மாட்டிடுச்சு. எடுத்துக் கீழ மாட்டினேன். அஞ்சு நிமிஷத்துல எடைமேடையில சீட்டு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. வெளியில கை தட்டுறாங்க. நான் அங்கேயே தரையில உக்காந்துட்டேன்.

ஜி.எம். வந்து என்ன பண்ணேன்னு கேட்டாரு. சரி பண்ணிட்டேன் சார்னேன். முதுகுல தட்டிக் கொடுத்தாரு. என்னத்த சரி பண்ணேன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. மறுநாள் மீட்டிங்ல அவரே சொல்லிட்டாரு, எடைமேடைப் பக்கத்துக் கோளாறை நம்ம ஏகாம்பரம் ரூம்ல இருந்தபடியே சரி பண்ணிட்டாருன்னு. எல்லாரும் திரும்பி என்னைப் பாக்குறாங்க. அந்த நேரத்துல எழுந்து நின்னு, இல்ல சார், அது வந்துன்னு ஆரம்பிக்க முடியுமா? நீங்களா இருந்தா ஆரம்பிப்பீங்களா?

அப்படிப் பாக்காதீங்க. நான் பொய் எழுதல. ஃபாரத்துல என்ன கேட்டிருக்கு? கார்டு. கார்டு நல்லா இருக்கான்னு. இருந்துச்சா இல்லையா? நல்லாத்தான் இருந்துச்சு. கேபிளைப் பத்தி அந்த ஃபாரத்துல ஒரு வரி கிடையாது. கார்டு வேற, கேபிள் வேற. இதை நான் எங்க வேணும்னாலும் சொல்வேன். இன்னைக்குப் பதினோரு மணிக்கு விழுப்புரத்துல அந்தம்மா மேல விசாரணை. கம்பெனி ஆளு ஒருத்தர் வராரு. என்கிட்ட அவங்க கேக்கப்போறது ஒரே கேள்வி, இந்தக் கையெழுத்து உன்னோடதான்னு. ஆமான்னு சொல்லிட்டு வந்துடலாம்னு இருக்கேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

ஆமா, நான் ஆமான்னு சொன்னா அந்தம்மா வேலை போயிடும். சஸ்பென்ஷன் டிஸ்மிஸ் ஆயிடும். குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. பெரிய பொண்ணு பன்னெண்டாவது. எனக்குத் தெரியாதா? நானும் மனுஷன்தானே. ரெண்டு நாளா சோறு இறங்கல.

ஒண்ணு சொல்றேன், தலையைத் திருப்பாதீங்க. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. பச்சைப் புடவை. ஒரு பிளாஸ்டிக் கவர்ல பேப்பர் வச்சுக்கிட்டு இருக்காங்க பாருங்க. அதுதான் ஜெயக்கொடி. அவங்களுக்கும் அதே பதினோரு மணிதான். இந்த ஊருக்குக் காலையில இருக்கிறது இந்த ஒரு பஸ்ஸு, என்ன பண்றது. நான் பின்படியில ஏறினேன். அவங்க பாத்திருக்கமாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

என்னண்ணா சத்தம்? ஏன் எல்லாரும் இந்தப் பக்கம் வராங்க? கம்ப்யூட்டர்காரனா? அப்படியா சொல்றாங்க? கம்ப்யூட்டர்காரன் இந்த வண்டியிலதான் வரானாம்னா? எந்தப் பாவி சொன்னான்... ஜி.எம்.மா இருக்கும். அவருதான் சங்கத்து ஆளுங்ககிட்ட, எல்லாம் கம்ப்யூட்டர் கோளாறு, எங்க மேல தப்பு இல்லன்னு கையை விரிச்சாராம். என்னைத் தட்டிக் கொடுத்த கை.

ஏறுறாங்க. முன்படியில ரெண்டு பேரு. பெரிய பெரிய ஆளா இருக்காங்க. அண்ணா, கேட்டா உங்ககூட வர்ற ஆளுன்னு சொல்லுங்க. மைக் செட்டுக்காரன்னு சொல்லுங்க. அந்த ஒயர் கட்டை எடுத்து என் மடியில வைங்க. வைங்கண்ணா. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்.

போயிட்டாங்களா? ரெண்டு பேருமா? இறங்கிட்டாங்களா?

ஒயர் கட்டு கொஞ்ச நேரம் என் மடியிலயே இருக்கட்டும்ணா. நீங்களும் கேட்டீங்க இல்ல? அவங்களுக்கு என் மூஞ்சி தெரியாது. ரூமை விட்டு வெளியில வந்தாத்தானே தெரியும். அந்தம்மாவைத்தான் தெரியும், ஒம்போது வருஷமா அவங்க கரும்பை எடை போட்டவங்க. நேரா அவங்ககிட்ட போயித்தான் கேட்டாங்க, யம்மா, அந்த ஆளு இதுல இருக்கானா, நீ காட்டு, மீதியை நாங்க பாத்துக்கிறோம்னு. அந்தம்மா எழுந்து நின்னாங்க. மொத சீட்டுல இருந்து ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டே வந்தாங்க. நான் தலையைக் குனிஞ்சிருக்கேன், ஆனா தெரியுதுண்ணா, கண்ணு நம்ம மேல வந்து நின்னா தெரியாதா. நிமிந்தேன். நேருக்கு நேரா பாத்துட்டாங்க. என்னை அவங்க பாக்குறாங்க, நான் அவங்களைப் பாக்குறேன். செத்தேன்னு நினைச்சேன்.

"இல்லண்ணா, அவர் இந்த வண்டியில வரல. எனக்குப் பதினோரு மணிக்கு விசாரணை இருக்கு, வண்டியை மட்டும் விடச் சொல்லுங்க."

அவ்ளோதான் சொன்னாங்க. அந்த ஆளுங்களும் சரிம்மா, உனக்காக இந்த ஒரு வண்டியை விடுறோம்னு இறங்கிட்டாங்க. பாருங்க, டிராக்டரை நகத்துறாங்க. ஆர்.டி.ஓ. வந்தாத்தான்னு சொன்னவங்க.

ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு நினைக்கிறீங்க? நான் சொல்றேன். கணக்கா சொல்லியிருக்காங்க. எனக்கு ரெண்டு அடி விழுந்தா விசாரணை தள்ளிப்போயிடும், கேஸு வேற மாதிரி ஆயிடும். அதோட நாளைக்கு எங்கிட்ட, அன்னைக்கு உங்களைக் காப்பாத்தினேனேன்னு சொல்லலாம் பாருங்க. இல்லன்னா தப்பு அவங்க பக்கம்தான்னு அவங்களுக்கே ஒரு பயம் இருக்கும். அதுவும் இருக்கலாம். இல்லாம ஒருத்தங்க ஏன்...

எழுந்து வராங்க. இங்கதான் வராங்க. அண்ணா, நான் தூங்குறேன்.

கேட்டுதா உங்களுக்கு? மெதுவாத்தான் சொன்னாங்க. கம்பியைப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு.

"முதல்ல உங்களைத்தான் சார் கூப்பிடுவாங்க. நடந்தது என்னவோ அதை மட்டும் சொல்லுங்க, எனக்கு அது போதும்."

திட்டியிருந்தா பரவால்லண்ணா. ரெண்டு வார்த்தை நல்லா திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிட்டு, அந்தக் கோபத்துலயே போயி ஆமான்னு சொல்லிட்டு வந்திருப்பேன். சார்னு வேற சொல்றாங்க. போயி அவங்க சீட்டுல உக்காந்துட்டாங்க பாருங்க. ஒரு தடவை கூட திரும்பல.

கண்டக்டர்! கண்டக்டர், இந்தா, அடுத்த ஸ்டாப்பிங் எதுவோ அதுல என்னை இறக்கி விட்டுடுங்க. உடம்புக்கு ஒரு மாதிரியா இருக்கு. பரவால்ல, மீதிக் காசெல்லாம் வேணாம். பேப்பர் எப்படியும் நேத்தே ஃபேக்ஸ்ல போயிடுச்சுண்ணா, நான் நேர்ல போகணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. பேப்பர் பேசிக்கும். உடம்பு சரியில்லன்னு நாளைக்கு ஒரு லெட்டர் கொடுத்துட்டா முடிஞ்சது.

என்னது? நிக்காதா?

கேட்டீங்களா? வழியில எங்கயும் நிக்காதாம். ஒரு மணி நேரம் லேட்டு, அந்தம்மாவாலதான் வண்டியே விட்டாங்க, அந்தம்மாவைப் பதினோரு மணிக்குள்ள கொண்டு போயி விட்டுட்டுத்தான் மறுவேலைங்கிறாரு டிரைவரு. எல்லாரும் சரின்னுட்டாங்களாம். என்னை யாரும் கேக்கல. உடம்பு சரியில்லன்னா ஒரு புளிப்பு மிட்டாய் வாயில போட்டுக்கங்கன்னு கொடுத்துட்டுப் போறாரு.

அண்ணா, ஒம்போது வருஷத்துல அந்தம்மா முகத்தை இன்னைக்குத்தான் நேருக்கு நேரா பாக்குறேன், என் ரூமுக்கு வந்தப்பகூட நான் ஸ்க்ரீனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அவங்க போன் குரல்தான் பழக்கம். இதே விஷயத்தை போன்ல சொல்லுன்னா சொல்லிடுவேன். எழுதிக் கொடுன்னா எழுதியே கொடுத்துடுவேன், என் எழுத்து அழகா இருக்கும். ஆனா அங்க மேஜைக்கு அந்தப் பக்கம் அவங்க உக்காந்திருப்பாங்க. என்னைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஆமான்னு சொன்னாலும் அந்த முகத்தைப் பாத்துச் சொல்லணும், கேபிளைப் பத்திச் சொன்னாலும் அந்த முகத்தைப் பாத்துத்தான் சொல்லணும். எனக்கு ரெண்டுமே வராதுண்ணா. ரூம்ல தனியாவே உக்காந்து பழகிட்டேன். எனக்கு பயமா இருக்கு.

மணி என்ன ஆவுது? பத்து அஞ்சா. பத்தே முக்காலுக்கெல்லாம் போயிடலாம்னு கண்டக்டர் சொல்றாரு.